கிளட்ச் பெடலில் என் மெட்டித் தடம்

மோகன் நைனாவுக்கு,

கல்யாணப் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பி, "பேரெல்லாம் கரீட்டா கீதா பாரும்மா" என்று கேட்டிருந்தாய். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். உன் பெரிய மாமா பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் போடச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் அந்த மனுஷன் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருப்பார். பத்திரிகை விஷயம் அவ்வளவுதான். மீதிக் கடிதமும் ஒரு காலைப் பற்றித்தான். என்னுடைய இடது கால்.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, உடும்மா, கம்பெனி பஸ் வந்துட்சி" என்று வைத்துவிடுவாய். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை கௌசல்யா ஜாக்கெட் அளவு கொடுக்க ஊத்துக்கோட்டைக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். கவரை ஒட்டவில்லை. அவளும் படிக்கட்டும், கும்மிடிப்பூண்டியில் உன் ரூமில் இருக்கிற பையன்களும் படிக்கட்டும். இங்கே உன் கூட்டாளிகள் கேட்டாலும் ஒரு நகல் எடுத்துக் கொடுப்பேன். நீ அன்றைக்குத் திட்டு வாங்கியது ஊர் நடுவில். நான் இப்போது சொல்லப்போவதையும் ஊர் கேட்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கௌசல்யாவும் அவள் அம்மாவும் திருவாலங்காட்டிலிருந்து புடவை பார்க்க வந்தார்கள். அன்று பார்த்து நம் டிராக்டர் கொட்டகையில் இரண்டு துண்டாக நின்றுகொண்டிருந்தது. முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸும் பெரிய சக்கரங்களும், நடுவில் ஒரு ஆள் புகுந்து வரும் அளவுக்கு இடைவெளி. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் வண்டியை இடுப்பில் பிரித்தால்தான் உள்ளே கை போகும். நான் முழங்கை வரை கரியோடு நின்றேன். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துவிட்டு, பழத்தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திகைத்துப் போனார்கள். உன் கௌசல்யா கூச்சப்படாமல் நேராகக் கொட்டகைக்குள் வந்தாள். குனிந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அத்தை, அவரு கெடுத்த வண்டி இதானா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் குனிந்து கைக்கரியைத் துடைக்க ஆரம்பித்தேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க அத்தை. கம்பெனில போர்க்லிப்ட் ட்ரெய்னிங்குக்கு ஆளு எடுக்கறாங்கோ. சூப்பர்வைசரே இவர கூப்ட்டு கேட்டாரு. வேணான்னுட்டாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, 'எனுக்கும் கிளட்ச்சுக்கும் ஆவாது, எங்க வண்டியவே பொசுக்கனவன் நானு'ன்றாரு. வர்ற சனிக்கெயமைக்குள்ள பேரு குடுக்கணும். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

நைனா, ஒன்பது வருஷமாக நீ பேக்கிங் லைனில் நின்று அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாய். உனக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள் எல்லாம் அந்தப் பெட்டி தூக்குகிற வண்டியில் ஏறிவிட்டார்கள். நீ ஒரு பைக் கூட வாங்கவில்லை. உனக்கு அதிலெல்லாம் ஆசை இல்லை, நின்று செய்கிற வேலையே போதும் என்று இருக்கிறாய் என நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. கௌசல்யா சொன்ன பிறகு அந்த வசதி போய்விட்டது.

அந்த நாள் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இருந்தாலும் நான் பார்த்த மாதிரி ஒரு தடவை சொல்கிறேன். உனக்குப் பத்தொன்பது வயது. டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாற்றுக்கட்டு ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை ஏற்றத்தில் வந்தாய். பாதி ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் அப்படித்தான். எஞ்சின் சுற்றுகிற சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேராது. கருகிய வாடை கழனி வரைக்கும் வந்தது. உனக்குப் பின்னால் ஊத்துக்கோட்டை பஸ் வந்து நின்றுவிட்டது, ஜனங்கள் எல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். நம் கெட்ட நேரம், முதல் ஷிப்ட் முடித்துவிட்டு உன் அப்பாவும் அதே பஸ்ஸில் வந்திருந்தார். அவருக்கு மொபெட்டைத் தவிர வேறெதுவும் ஓட்ட வராது. ஆனாலும் இறங்கினதும் இறங்காததுமாகக் கத்தினார்: "எருமக் காலுடா உனுக்கு! சோறு போட்ற வண்டிய பொசுக்கிட்டியேடா!" பஸ்ஸிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நீ ஊருக்கு எருமைக்கால் மோகன் ஆனாய்.

நான் சேற்றுக் காலோடு ஓடி வந்து சேர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் ஏகாம்பரமும் வந்தார். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடலை அழுத்தத் தொடங்கும்போது முதலில் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும், அதற்கப்புறம்தான் கனம் தெரிய வேண்டும். அந்தச் சும்மா போகிற தூரத்தை 'ப்ளே' என்பார்கள். நம் வண்டியில் அது துளியும் இல்லை. ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரோ கால வெச்சிக்கினே ஓட்றாங்க. அப்டி ஓட்னா பிளேட்டு எப்டி தாங்கும்?" எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ உன் காலைப் பார்த்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியும் நைனா. அந்த நிமிஷமே தெரியும். மூன்று மாதத்தில் ஒரு கிளட்ச் பிளேட் அப்படித் தேயாது. அது வருஷக்கணக்கில் தேய்ந்து, உன் கையில் வந்து போனது. பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுகிறவள் நான்தான்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் நீதான் காரணம். சிரிக்காதே. உனக்கு மூன்று வயது இருக்கும். அப்பா ஷிப்டுக்குப் போய்விடுவார், உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. என் பக்கத்தில் மட்கார்டில் உன்னை உட்கார வைத்து, துண்டால் கம்பியோடு கட்டி, உழப் போவேன். ஒரு நாள் வரப்பு ஏறி இறங்கும்போது துண்டு அவிழ்ந்துவிட்டது. நீ சக்கரத்துப் பக்கம் சரிந்தாய். ஒரு காலால் கிளட்ச்சை மிதித்து, ஒரு காலால் பிரேக்கை மிதித்து, ஒரு கையால் உன் சட்டைக் காலரைப் பிடித்தேன். நீ தொங்கிக்கொண்டே சிரித்தாய், பாவி. நான் வண்டியை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அன்றிலிருந்து என் இடது கால் கிளட்ச்சை விட்டு நகரவில்லை. எந்த நேரத்தில் மிதிக்க வேண்டியிருக்குமோ என்று அதன் மேலேயே இருந்தது. நீ வளர்ந்து பள்ளிக்கூடம் போனாய், மட்கார்டு காலியாக இருந்தது. கால் மட்டும் அங்கேயே இருந்தது.

சரி, பழக்கத்தை மன்னித்துவிடலாம். அன்றைக்கு ஏரிக்கரையில் வாயை மூடிக்கொண்டேனே, அதை எப்படி மன்னிப்பது? இந்தச் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் ஓட்டுகிற பொம்பளை நான் ஒருத்திதான். முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது டீக்கடையில் பேசினார்கள், "பொம்பள ஓட்னா வண்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்று. அவர்கள் வாயை அடைக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அதே ஆட்கள் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். "என் காலுதான்" என்று நான் சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டமாகப் போயிருக்கும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சின்னப் பையன், நாலு நாளில் மறந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ஒரே வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறிவிட்டாய். அப்போதாவது பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொங்கலுக்கு நீ வந்தபோது சொல்லலாம் என்று நினைத்தேன். நீ சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். தப்பைச் சொல்லுவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாள் அது இன்னும் கனக்கிறது. கௌசல்யாவிடம் நீ ஏதாவது தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. இரண்டு வசவு விழும், அதோடு போகும்.

இப்போது இந்த வருஷத்துக் கதை. பத்து நாளைக்கு முன்னால் சேற்றில் உழும்போது வண்டி மறுபடியும் அதே மாதிரி கத்தியது, அதே வாடை. சனிக்கிழமை ஏகாம்பரம் வந்தார். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து, கட்டை அடுக்கி, முன் அச்சில் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்து எஞ்சின் சாயாமல் நிறுத்தி, போல்ட்டெல்லாம் கழற்றினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்பாவுக்கு முட்டி வலி, நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. முன்பாதியைத் தள்ளியதும் உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. பிளேட் ரிவிட் தெரியும் வரைக்கும் தேய்ந்திருந்தது. கிளட்ச்சைத் தள்ளுகிற பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. ஏகாம்பரம் அதைக் கையில் வைத்துச் சுற்றினார், கரகரவென்றது. கால் பெடலை விட்டால் இந்த பேரிங் சும்மா இருக்க வேண்டியது. என் கால் விடவேயில்லை, அதனால் அது நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வெந்துபோயிருக்கிறது.

பிறகு அவர் பெடலைப் பார்த்தார். உனக்கு நடந்ததற்கு மறுநாள் புது பிளேட்டோடு பெடலுக்குப் புது ரப்பரும் போட்டோம். இப்போது அந்த ரப்பரில் குறுக்கே ஒரு பள்ளம் இருந்தது. நெல்லுக்குக் கொஞ்சம் அதிக அகலம், ஒரே சீராக, கத்தியால் கீறியது மாதிரி. ஏகாம்பரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, கம்பி கிம்பி எதுனா பட்டுச்சா?" என்றார். நான் காலைத் தூக்கி ரப்பர் மேல் வைத்தேன். என் மெட்டி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏகாம்பரம் பீடியைப் பற்றவைக்கப் போய் டீசல் ஞாபகம் வந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் நகைக்கடை ஆசாரி கேட்டது புரிந்தது. "இன்னாம்மா, ஒவ்வொரு தபாவும் எடது கால் மெட்டி மட்டும் அடில சப்பையா தேஞ்சி வர்துதே?" என்பார். நடக்கிற நடையில் கோளாறு என்று நான் சொல்லுவேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். என் காலைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார். "எத்தினி நாளாமே இப்டி?" என்று கேட்டார். "பையன் மட்கார்டுல உக்காந்துக்கினு வந்தானே, அப்பத்துலேர்ந்து" என்றேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் தெரிந்தது. "அப்போ அன்னிக்கு ஏரிக்கரைல..." என்று ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மாடு ஏற்கெனவே குடித்துவிட்டது, அது அவரை ஒரு மாதிரி பார்த்தது. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார், "நாந்தாமே கேக்காம கொள்ளாம கத்துனேன். உன்மேல மட்டும் இன்னா தப்பு." நான்தான் மறைத்தேன் என்றேன், அவர் நான்தான் கத்தினேன் என்றார். இதில்கூட எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. அவர் உன்னிடம் நேரில் சொல்ல மாட்டார், அது அவருக்கு வராது. நீ வந்தால் உனக்குப் பிடித்த நெத்திலி வாங்கிவரச் சொல்லி என்னை இப்போதே பேஜார் பண்ணுகிறார். அதையே மன்னிப்பு என்று எடுத்துக்கொள்.

திங்கட்கிழமை வண்டியைச் சேர்த்தோம். புது பிளேட்டை நடுவாக நிறுத்த ஏகாம்பரம் பழைய ஷாப்ட் துண்டு ஒன்றைச் செருகி வைத்துப் போல்ட் முடுக்கினார். இரண்டு பாதியையும் ஒன்றாகத் தள்ளும்போது ஒரு விரல் இடைவெளியில் வந்து முரண்டு பிடித்தது. உள்ளே பல்லும் பல்லும் சேரவில்லை. நாலு பேர் தள்ளினாலும் சேராது, பலமாக அடித்தால் புது பிளேட் வளைந்துவிடும். "அடிக்காதக்கா, லேசா சுத்து" என்றார். நான் கம்பியால் எஞ்சினை ஒரு மயிரிழை திருப்பினேன், தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் பெடல் சரிசெய்கிற வேலை. அடியில் கிடக்கிற கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சுற்றிச் சுற்றி, பெடலைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தோம். எனக்கு இறுக்கமாக இருந்தால்தான் நிம்மதி. "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணேன்" என்றேன். ஏகாம்பரம் திரும்பி முறைத்தார். "யக்கா, ரெண்டு வெரல் கட சும்மா உடணும். அது லூசு இல்ல, அதான் கிளட்ச்சுக்கு மூச்சு. உனுக்கு நம்பிக்க இல்லன்னா போய் சமையல் பண்ணு." என் கொட்டகையில் என்னையே! ஆனால் அவர் சொன்னது சரி. இரண்டு விரல் விட்டு நட்டை இறுக்கினோம். பெரிய கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டேன். எஞ்சின் முனகி அப்படியே நின்றுபோனது. வழுக்கல் இல்லை. அப்பா கைதட்டினார்.

அந்த இரண்டு விரலைப் பற்றி உனக்கும் ஒன்று சொல்கிறேன், கல்யாணம் ஆகப்போகிறவன் கேட்டுக்கொள். கௌசல்யா ஒரு தடவை போன் எடுக்காவிட்டால் ஐந்து தடவை அடிக்காதே. அவள் அம்மா வீட்டுக்குப் போனால் எப்போது வருவாய் என்று பஸ் ஏறும்போதே கேட்காதே. உனக்கு அந்தக் குணம் உண்டு, என்னிடமிருந்து வந்தது. நீ கும்மிடிப்பூண்டி போன முதல் வருஷம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "நாஷ்டா துன்னியா" என்று கேட்கத்தான். நீ தின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பாசத்தில்தான் கால் வைத்திருந்தேன், பிளேட்டுக்கு அது தெரியவில்லை.

என் கால் இனிமேல் திருந்துமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நேற்று மேட்டுக்கழனியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். காலை எடுத்து ஓரத்துப் பலகையில் வைத்தேன். அடுத்த வரப்பு வருவதற்குள் அது நைசாகப் பெடலுக்கு வந்துவிட்டது. அப்பா வரப்பில் நின்றுகொண்டு "காலு! காலு!" என்று கத்துகிறார். அடுத்த கழனிக்காரர் பாம்பு வந்துவிட்டது என்று தடியோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன், அவரிடம் ஏரிக்கரை விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். அவரும் அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவர்தான். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அடப்பாவமே, அந்தப் புள்ளைய நாமெல்லாம் இத்தினி வருசமா..." என்றார். உன் கூட்டாளிகள் கல்யாண பேனரில் எருமைக்கால் என்று போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். போடட்டும், ஆனால் என் படத்துக்குக் கீழே போடச் சொல். நான் அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

கவருக்குள் தாளோடு கெட்டியாக ஒன்று கிடக்கிறதே, அது அந்தப் பழைய பெடல் ரப்பர். தூக்கிப் போட்டுவிடாதே. இதை மாட்டிய நாளிலிருந்து கழற்றிய நாள் வரை நீ ஒரு தடவைகூட அந்த வண்டியில் ஏறவில்லை. உன் கால் இதில் பட்டதேயில்லை. ஆனாலும் பிளேட் பொசுங்கியது. உன் காலை அதன் மேல் வைத்துப் பார், அந்தப் பள்ளம் உனக்குப் பொருந்தாது. உன் காலில் ஒரு கோளாறும் இல்லை நைனா. எப்போதும் இருந்ததில்லை. உன் அம்மா சொல்ல ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, என்னை மன்னித்துவிடு.

சனிக்கிழமைக்குள் சூப்பர்வைசரிடம் உன் பெயரைக் கொடு. வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் ஊருக்கு வா. பெரிய கழனியை உழாமல் உனக்காக வைத்திருக்கிறேன். பெடல் இப்போது வெறும் இரும்பாகத்தான் இருக்கிறது. புது ரப்பரைக் கவர் பிரிக்காமல் ஷெல்பில் வைத்திருக்கிறேன், நீதான் மாட்ட வேண்டும். நீ ஓட்டு, நான் மட்கார்டில் உட்கார்ந்து வருகிறேன். வரப்பு வரும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கால் வைக்காதே. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன், விழமாட்டேன். காலை எடுத்துவிட்டு ஓட்டு.

உன் அம்மா